போணிக்கு ஆள் தேவை

1

இந்தக் கதை பசியில் பிறந்தது. ஞானப்பசி, மனிதகுலத்தின் பசி என்றெல்லாம் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். காலை ஆறே முக்காலுக்கு, ஆவி பறக்கும் இட்லிப் பானைக்கு நாலடி தள்ளி, கையில் காசும் வாயில் எச்சிலுமாக நின்றும், சாப்பிட அனுமதி கிடைக்காத ஒருவனின் சாதாரணப் பசி. அனுமதி கொடுக்க வேண்டிய ஆள் அப்போது சைக்கிளில் வந்துகொண்டிருந்தான். அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தான்.

அவன்மேல் வந்த எரிச்சலில்தான் முதல் வரியை எழுதினேன். [அந்த வரி இப்போது இங்கே இல்லை. அதில் ஒரு கெட்ட வார்த்தை இருந்தது. என் மனைவி கனிமொழி பென்சிலால் அடித்துவிட்டாள். இனி இந்தக் கதையில் எங்கெல்லாம் அளவுக்கு மீறிய நாகரிகம் தெரிகிறதோ, அங்கெல்லாம் அவளுடைய பென்சில் பட்டிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.]

2

தொடக்கம், முதல் முயற்சி:

கொரட்டூர் ஏரியின்மேல் ஆதவன் தன் பொற்கதிர்களை—

வேண்டாம். அந்தக் கடையிலிருந்து பார்த்தால் ஏரி தெரியாது. ஒரு பல் மருத்துவரின் விளம்பரப் பலகைதான் தெரியும்.

இரண்டாம் முயற்சி:

வேம்புலியம்மாளுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவள் பட்ட துன்பங்களைச் சொல்லப் புகுந்தால் ஏடு—

இதுவும் வேண்டாம். தள்ளுவண்டிக் கடை வைத்திருப்பவர்கள் எல்லோரிடமும் ஒரு துன்பக் கதை தயாராக இருக்கும், போய்க் கேட்டால் சட்னியோடு சேர்த்து ஊற்றுவார்கள் என்று எழுதுகிறவர்களுக்கு ஒரு நினைப்பு உண்டு. நானும் கேட்டேன். அவள் சற்று யோசித்துவிட்டு, கஷ்டமென்றால் மாவரைப்பதுதான் கஷ்டம், அதற்கும் கிரைண்டர் இருக்கிறது என்று சொல்லி, ஓரமாக நில் என்றாள். பின்னால் நின்றவருக்கு மறைத்துக்கொண்டிருந்தேனாம்.

ஆகவே நேரடியாகச் சொல்கிறேன். ஒரு தள்ளுவண்டி. அதன்மேல் ஒரு அடுப்பு, ஒரு பெரிய இட்லிப் பானை, ஒரு தூக்கு நிறைய வடகறி, இரண்டு வகைச் சட்னி. எவர்சில்வர் தட்டில் வாழையிலைத் துண்டு போட்டு, நான்கு இட்லி வைத்து, வடகறியை மேலே ஊற்றி நீட்டினால், அதை வாங்கிக்கொண்டு நின்றபடியே சாப்பிட வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். ஏழு பத்துக்குக் கம்பெனி பஸ் வரும். அதற்குள் சாப்பிட்டுக் கைகழுவ வேண்டும்.

கொரட்டூர் என்று எழுதிவிட்டேன். அதை நம்ப வேண்டாம். பாடியாகவும் இருக்கலாம், நெமிலிச்சேரியாகவும் இருக்கலாம். ஏன் மறைக்கிறேன் என்பது ஐந்தாம் பகுதியில் தெரியும். அவசரமென்றால் இப்போதே அங்கே தாவலாம். ஆனால் வேம்புலியம்மாள் கடையில் வரிசையைத் தாண்டுகிறவர்களுக்கு அடித்தட்டு இட்லிதான் கிடைக்கும், தண்ணீர் கோத்துக்கொண்டு சொதசொதவென்று.

3

போணி என்றால் அன்றைய முதல் வியாபாரம். யார் கையால் அது நடக்கிறதோ, அந்தக் கையின் ராசிதான் அன்றைக்கு முழுவதும் என்பது கடைக்காரர்களின் நம்பிக்கை. வேம்புலியம்மாளிடம் இதற்கென்று சட்டங்கள் உண்டு. போணி செய்கிறவர் நோட்டாகத்தான் கொடுக்க வேண்டும். சில்லறை கூடாது. போனில் அனுப்புவது கூடவே கூடாது, கண்ணில் ஒற்றிக்கொள்ள அதில் என்ன இருக்கிறது? நோட்டை வாங்கி இரண்டு கண்ணிலும் ஒற்றி, பானையை ஒரு சுற்று சுற்றி, டப்பாவில் போடுவாள். போணித் தட்டைக் கீழே வைக்கும்வரை யார் வாயிலும் ‘இல்லை’ என்ற சொல் வரக் கூடாது. காரச் சட்னி இல்லையா என்று கேட்கக் கூடாது. வயிறு நிறைந்துவிட்டால் போதும் என்றும் சொல்லக் கூடாது. தலையை ஆட்டிக்கொள்ளலாம்.

எட்டு மாதமாக அந்தப் போணி ஜெகதீசனுடையது.

ஜெகதீசனுக்கு நாற்பத்தொரு வயது. மில்லிங் மெஷின் ஓட்டுகிறவன். ஒல்லி. சட்டையை எத்தனை முறை துவைத்தாலும் மெஷின் எண்ணெய் வாடை போகாது. அவன் முதன்முதலாக இந்தக் கடைக்கு வந்த நாள், புதுக் கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்த நாள். பதற்றத்தில் சீக்கிரமே கிளம்பிவிட்டான். கடைக்கு அதுவரை யாரும் வரவில்லை. நான்கு இட்லி சாப்பிட்டு, நோட்டைக் கொடுத்துவிட்டு, கைகழுவக் குனிந்தான். நிமிர்ந்தபோது எதிர்ச் சந்திலிருந்து பட்டுப்புடவைகள் வந்துகொண்டிருந்தன.

அன்றைக்கு முகூர்த்தம். சந்துக்குள் இருக்கும் மண்டபத்தில் பொங்கல் அடிப்பிடித்துவிட்டது. யாரோ ஏதோ சொல்ல, சமையல்காரர் கரண்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார். பெண் வீட்டார் முப்பது பேர், மாப்பிள்ளை வீட்டார் இருபது பேர். முந்தின இரவு மோதிர விஷயத்தில் முறைத்துக்கொண்டவர்கள் தள்ளுவண்டியைச் சுற்றி நின்று ஒரே தூக்கு வடகறியைப் பகிர்ந்துகொண்டார்கள். மாப்பிள்ளைக்குப் பார்சல் போனது. ஏழரைக்குள் பானை காலி.

மறுநாள் ஜெகதீசன் வந்தபோது வேம்புலியம்மாள் அவனுக்காகக் காத்திருந்தாள்.

“நைனா, இனிமே டெய்லி நீதான் போணி பண்ணணும். உன் கையி லச்சுமி கையி.”

ஜெகதீசன் சிரிக்கவில்லை. தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். யாரோ அவனிடம் ஒப்படைத்த கையைப் போலப் பார்த்தான். அவன் அம்பத்தூரில் பிறந்து வளர்ந்தவன். அந்தக் கைக்கு ஒருவரும் அதுவரை நல்ல பேர் வைத்ததில்லை. வீட்டில் புது மிக்சி வாங்கினால்கூட முதலில் சுவிட்சைப் போடுவது அவன் மனைவிதான். அவன் அந்த நேரத்தில் வாசலுக்குப் போய்விடுவான், தானாகவே.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். கொஞ்சம் பின்னால் அவனே சொன்னது. மிக்சி விஷயம் மட்டும் என் கற்பனை. ஆனால் அப்படித்தான் இருந்திருக்கும்.

அன்றிலிருந்து ஜெகதீசன் வரும்வரை யாருக்கும் தட்டு கிடையாது. பத்துப் பன்னிரண்டு பேர் நிற்பார்கள். பஸ் வந்துவிடும் என்பார்கள். வேம்புலியம்மாள் பானையைத் திறந்து பார்த்து, வாசனையை ஊர் முழுக்க விட்டு, மறுபடி மூடிவிட்டுச் சொல்வாள்: “ரெண்டு நிமிசம் இரு. வந்துகினே கீறான்.” வருவான். சைக்கிளை நிறுத்துவான். நோட்டை நீட்டுவான். அவன் முதல் வாய் எடுத்து வைப்பதைப் பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஜெகதீசன் மெதுவாக மெல்வான். அந்த இரண்டு நிமிடம் அவனுக்கு எவ்வளவு இனித்தது என்று அவன் முதுகைப் பார்த்தாலே தெரியும்.

4

அந்தப் பன்னிரண்டு பேரில் நாலாவதாக நிற்கும் கண்ணாடிக்காரன் நான்தான். இதை மறைத்து, என்னையும் ஒரு பாத்திரமாக்கி, ‘கண்ணாடி அணிந்த அந்த அமைதியான மனிதர்’ என்று இரண்டு பக்கம் எழுதினேன். ‘அமைதியான’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் கனிமொழி ஒரு கேள்விக்குறி போட்டாள். அந்த இரண்டு பக்கத்தையும் கிழித்துவிட்டேன்.

ஒருநாள் ஜெகதீசன் வரவில்லை. காய்ச்சல். மணி ஏழு ஆகிவிட்டது. கூட்டம் முணுமுணுக்க ஆரம்பித்தது. வேம்புலியம்மாள் சாலையைப் பார்த்துப் பார்த்துக் கழுத்து வலித்து நின்றாள். அப்போது நான் முன்னால் வந்து, பரவாயில்லை, இன்றைக்கு நான் செய்கிறேன் என்றேன். ஊருக்கு உபகாரம் செய்கிற மாதிரி சொன்னேன். உண்மையில் எட்டு மாத ஆசை அது.

வேறு வழி தெரியாமல் தட்டை நீட்டினாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? போனை எடுத்தேன். பழக்கதோஷம். வண்டியில் ஒட்டியிருந்த கியூஆர் கட்டத்தைப் படம் பிடித்து, தொகையைப் போட்டு, ரகசிய எண்ணை அழுத்தினேன். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. பன்னிரண்டு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் சிவப்பாக ஒரு குறி வந்தது.

“போச்சா சார்?” என்றாள் வேம்புலியம்மாள்.

“இல்லம்மா” என்றேன்.

அதோடு விட்டேனா? சட்டைப் பையைத் துழாவி, சில்லறையாக எடுத்து அவள் உள்ளங்கையில் கொட்டினேன். இருந்த சட்டங்கள் அத்தனையையும் ஒரே போணியில் உடைத்த ஒரே மனிதன் நான்தான்.

பத்து நிமிடத்தில் மழை பிடித்தது. அது மழைக்காலமே அல்ல. பிறகு சிலிண்டர் தீர்ந்தது. வடகறித் தூக்கின் மூடி உருண்டு போய்ச் சாக்கடையில் விழுந்தது. எட்டு மணிக்கு ஏதோ ஊர்வலம் வருகிறதென்று வண்டியை நகர்த்தச் சொன்னார்கள். ஒன்பதரை மணிக்கும் பானையில் பாதி இருந்தது. மிச்சத்தை அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தாளாம். எங்கள் வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை.

மறுநாள் அவள் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மிகவும் மரியாதையாகச் சொன்னாள்.

“சார், தப்பா நெனைக்காத. போணி ஆவற வரிக்கும் நீ கொஞ்சம் அந்தாண்ட நில்லு.”

அந்தாண்ட என்றால் சாலைக்கு எதிர்ப்பக்கம், டிரான்ஸ்பார்மர் அருகில். அங்கே ஏற்கெனவே இரண்டு நாய்கள் நின்றுகொண்டிருந்தன. அவற்றுக்கும் போணிக்குப் பிறகுதான் சாப்பாடு.

முதல் வரியோடு நின்றிருந்த கதைக்கு, இந்த அவமானத்துக்குப் பழிவாங்கத்தான் நான் மறுபடி பேனாவை எடுத்தேன். முதல் வரைவில் ஜெகதீசனுக்கு வயிற்றுப்போக்கு வரவழைத்தேன். இரண்டாம் வரைவில் அவன் சைக்கிளைத் திருடவிட்டேன். மூன்றாம் வரைவில் அவனை ஓசூருக்கு அனுப்பினேன். ஒவ்வொரு வரைவிலும் அவன் எப்படியோ சமாளித்து ஆறு ஐம்பதுக்கு வந்து நோட்டை நீட்டினான். மூன்றையும் படித்துவிட்டு, பிடிக்காதவனுக்கு வயிற்றுப்போக்கு வரவைப்பதெல்லாம் ஒரு கதையா என்று கேட்டாள் கனிமொழி.

5

என்னிடம் அதைவிடப் பெரிய ஆயுதம் இருந்தது. அது என்னிடம் இருப்பது எனக்கே ஒருநாள் காலையில்தான் தெரிந்தது.

டிரான்ஸ்பார்மர் பக்கத்திலிருந்து பார்த்தால் ஜெகதீசனின் முகம் தெரியாது. நீட்டிய கை மட்டும் தெரியும். வலது கை. கட்டைவிரல் நகம் நடுவில் இரண்டாகப் பிளந்திருக்கும். அந்தக் கையை நான் எங்கோ பார்த்திருக்கிறேனே என்று இரண்டு நாள் மண்டையைக் குடைந்தேன். மூன்றாம் நாள் பிடிபட்டது.

நான் கும்பகோணத்துப் பக்கத்திலிருந்து வந்தவன். இருபது வருடம் திருமுல்லைவாயலில் ஒரு பம்ப் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பார்த்தேன். ஸ்டோர்ஸ் என்றால் வலையடித்த ஒரு ஜன்னல், அதன் கீழே சாண் அகலத்துக்கு ஒரு சந்து. அந்தச் சந்து வழியாகக் கைகள் வரும், ஸ்லிப்பை நீட்டும், ஸ்பேனரோ கையுறையோ வாங்கிக்கொண்டு போகும். எனக்கு முந்நூறு பேரின் கைகள் தெரியும், முகம் பத்துப் பேருடையதுதான் தெரியும். அவர்களுக்கும் என் குரல்தான் தெரியும். பிளந்த நகத்துக்கு அங்கே ஒரு பேர் இருந்தது. பூட்டு.

ஜெகதீசன் முதலில் சேர்ந்தது பாடியில் ஒரு ஸ்பிரிங் கம்பெனி. ஒன்றேகால் வருடத்தில் அதை மூடினார்கள். அடுத்தது எஸ்டேட்டில் பிளாஸ்டிக் சாமான் செய்கிற இடம். ஒன்பது மாதம். மூன்றாவதாக எங்கள் கம்பெனிக்கு வந்தான். அசெம்ப்ளியில் சம்பந்தம் என்று ஒரு வாயாடி இருந்தான். அவன்தான் கேன்டீனில் உட்கார்ந்து இதையெல்லாம் கோத்து, இவன் கால்வைத்த இடத்துக்குப் பூட்டு நிச்சயம் என்று சொல்லிப் பேரும் வைத்தான். இரண்டு வருடத்தில் எங்கள் கம்பெனியும் மூடியது. கடைசி நாள் கேட்டுக்கு வெளியே எல்லோரும் நின்றோம், நான் பின்வரிசையில், தலைகளுக்கு நடுவே கைகள் மட்டும் தெரிகிற இடத்தில். செக்யூரிட்டி பூட்டை எடுத்தார். சம்பந்தம் அதைப் பிடுங்கி ஜெகதீசன் கையில் கொடுத்து, அவன் கையாலேயே பூட்டச் சொன்னான். எல்லோரும் சிரித்தார்கள். ஜெகதீசனும் சிரித்துக்கொண்டே பூட்டினான். நானும் சிரித்தேன். வேலை போன துக்கத்தில் சிரித்தோம் என்று பிறகு சொல்லிக்கொண்டேன். ஆனால் இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது.

இப்போது உங்களுக்குப் புரியும். இந்த ஊரில் அந்தக் கையை லட்சுமி என்று சொல்கிற ஒரே இடம் அந்தத் தள்ளுவண்டி. நான் சாலையைக் கடந்து போய் ஒரே ஒரு சொல்லைச் சொன்னால், மறுநாள் காலை டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் ஜெகதீசனும் வந்து நிற்பான்.

சொல்லவும் தோன்றியது. அதையும் மறைக்கவில்லை. மூன்று நாள் அந்தச் சொல்லை வாயில் வைத்துக்கொண்டே இட்லி சாப்பிட்டேன்.

கதையாக எழுதி அச்சேற்றினாலும் அதே காரியம்தான் நடக்கும். அதனால்தான் ஊரை மறைக்கிறேன். பேர்களையும் மாற்றியிருக்கிறேன். வேம்புலியம்மாள் என்ற பேரை மாற்றும்போது மட்டும் மனசு வலித்தது, உண்மைப் பேர் இதைவிட அழகு.

6

ஒரு திங்கட்கிழமை. ஜெகதீசன் நோட்டைக் கொடுத்துவிட்டான். பானையைச் சுற்றியாகிவிட்டது. இரண்டாவது இட்லியைப் பிட்டு வடகறியில் தோய்க்கும்போது, முதுகுக்குப் பின்னால் ஒரு பைக் வந்து நின்றது.

“டேய் பூட்டு! நீ இங்கயா கீற?”

ஜெகதீசனுக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரிந்தது. அந்தக் குரலை மூன்று வருடமாக அவன் தவிர்த்துவந்தான். அந்தக் குரல் இருக்கிற தெருவில் போகாமல், அந்தக் குரல் வருகிற கல்யாணங்களுக்குப் போகாமல். கையில் இருந்த இட்லித் துண்டு அப்படியே நின்றது. எதிரில் வேம்புலியம்மாள் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று பார்த்தாள். பன்னிரண்டு பேரும் பார்த்தார்கள். இன்னும் ஒரு வினாடியில் சம்பந்தம் வந்து தோளில் கைபோடுவான். எட்டு மாதம் முடிந்தது என்று ஜெகதீசன் நினைத்தான்.

[இங்கே மூன்று வழி இருக்கிறது.

அ. சம்பந்தம் தோளில் கைபோட்டு எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறான். வேம்புலியம்மாள் டப்பாவிலிருந்து அந்த நோட்டை எடுத்து—

எழுதினேன். அதற்குமேல் கை போகவில்லை.

ஆ. வேம்புலியம்மாள் புன்னகைத்து, ‘எனக்கு எல்லாம் முன்னாடியே தெரியும் நைனா’ என்கிறாள். எல்லோர் கண்ணிலும் நீர்.

நீங்கள் இதைத்தானே எதிர்பார்த்தீர்கள்? கதைகளில் வரும் நல்லவர்களுக்கு எல்லாம் முன்னாடியே தெரிந்திருக்கும். வேம்புலியம்மாளுக்கு ஒன்றும் தெரியாது. தெரிந்திருந்தால் அவனை அன்றைக்கே துரத்தியிருப்பாள். அவளுக்கு வியாபாரம் முக்கியம். அதில் தப்பும் கிடையாது.

இ. கீழே வருவது.]

போணி ஆகிவிட்டதால் நான் அப்போது சாலையைக் கடந்துகொண்டிருந்தேன். பைக்குக்கும் வண்டிக்கும் நடுவில் இருந்தேன். என் வாய் என்னைக் கேட்காமல் பேசியது.

“இங்கதாம்பா கீறேன்.”

கும்பகோணத்து நாக்கில் ‘கீறேன்’ வந்தது அதுதான் முதல் தடவை. கொஞ்சம் இடறியது.

வேம்புலியம்மாள் கரண்டியை இறக்கினாள். “இன்னா சார், உன் பேரு பூட்டா?”

நான் வேலை பார்த்த இடமெல்லாம் மூடிவிட்டார்கள், அதனால் பழைய ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்றேன். அவள் முகத்தில் பரிதாபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. நெடுநாள் சந்தேகம் ஒன்று தீர்ந்த நிம்மதிதான் வந்தது.

“அதான பார்த்தேன்” என்றாள். “சும்மாவா அன்னிக்கு அப்டி மழ பேஞ்சுது?”

சம்பந்தம் ஹெல்மெட்டைக் கழற்றினான். என்னைப் பார்த்தான். எனக்குப் பின்னால் குனிந்திருந்த முதுகைப் பார்த்தான். பானையைச் சுற்றி நிற்கிற கூட்டத்தையும், அந்த முதுகு சாப்பிட்டு முடிக்கட்டும் என்று அது காத்திருப்பதையும் பார்த்தான். சம்பந்தம் வாயாடி, முட்டாள் அல்ல. காதைச் சொறிந்துகொண்டான்.

“ஆமா யக்கா, இந்தாளுதான்” என்றான். “மூணு கம்பெனி. வண்டிய தொடாம பாத்துக்கோ.”

பிறகு ஒரு தட்டு வாங்கி, ஜெகதீசனுக்குப் பக்கத்தில் நின்று, ஒரு வார்த்தையும் பேசாமல் சாப்பிட்டான். சம்பந்தம் பேசாமல் சாப்பிட்டு நான் அதற்குமுன் பார்த்ததில்லை. போகும்போது கட்டைவிரலால் ஜெகதீசனின் முழங்கையை லேசாக இடித்துவிட்டுப் போனான். அது மன்னிப்பா, வெறும் இடிதானா என்று எழுத எனக்குத் தெரியவில்லை.

ஜெகதீசன் திரும்பிப் பார்க்கவே இல்லை. இன்னும் இரண்டு வைக்கட்டுமா என்று வேம்புலியம்மாள் கேட்டாள். தலையை ஆட்டினான்.

7

“நீங்க இவ்வளவு நல்லவரா?” என்று கேட்டாள் கனிமொழி, ஆறாம் பகுதியைப் படித்துவிட்டு. “நான் நம்ப மாட்டேன். படிக்கிறவங்களும் நம்ப மாட்டாங்க.”

அவள் சொல்வது சரி. என்னை எனக்கும் தெரியும். எழுதுகிறவன் தன்னைப் பற்றி எழுதும்போது ஒரு சுற்றுப் பெரியவனாகத்தான் வருவான். ஆனால் இந்த இடத்தில் நான் ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அன்றைக்கு நான் பொய் சொல்லவில்லை.

என் முதல் கதையை ஒரு சிற்றிதழ் போட்டது. அதற்கு அடுத்த இதழ் வரவே இல்லை. இரண்டாவது கதை வந்த மாத இதழ், ‘தவிர்க்க இயலாத காரணங்களால்’ என்று அட்டையிலேயே போட்டு நின்றது. மூன்றாவதை ஓர் இணைய இதழுக்கு அனுப்பினேன், இணையத்தை எப்படி மூடுவார்கள் என்ற தைரியத்தில். இப்போது அந்த முகவரியில் போய்ப் பார்த்தால் மலிவு விலையில் சோபா விற்கிறார்கள். ஜெகதீசனுக்கு மூன்று கம்பெனி. எனக்கும் மூன்று. பம்ப் கம்பெனியைச் சேர்த்தால் நான் ஒன்று அதிகம். இதைக் கண்டுபிடிக்கச் சம்பந்தத்தைப் போல ஒருவன் எங்கள் எழுத்தாளர் கூட்டத்தில் இல்லாததால் எனக்குப் பேர் வைக்காமல் விட்டார்கள்.

இதை நான் டிரான்ஸ்பார்மர் பக்கத்தில் நின்ற நாட்களில்தான் உணர்ந்தேன். கையில் இருந்த ஆயுதத்தை நீட்டப் போனால் அதன் முனை என் பக்கம் இருந்தது. [இந்த வாக்கியம் அழகாக இருக்கிறது, அடித்துவிடுங்கள் என்று ஓரத்தில் பென்சில் குறிப்பு. அடிக்கவில்லை.]

அந்தத் திங்கட்கிழமைக்குப் பிறகு எனக்குப் போணிக்கு முன்னால் மட்டுமல்ல, போணிக்குப் பின்னாலும் அந்தாண்டதான். வண்டியைத் தொடக் கூடாதே. இரண்டு நாள் யாராவது தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்றாம் நாள் ஜெகதீசனே கொண்டுவந்தான். தன் போணித் தட்டை முடித்துவிட்டு, அடுத்த தட்டை வாங்கி, சாலையைக் கடந்து வந்து நீட்டினான்.

“ஸ்டோர்ஸ் சார்தான நீ?” என்றான். “ஸ்லிப்ல சைன் எங்கன்னு கேப்பியே, அந்தக் கொரலு.”

நான் ஆமாம் என்றேன். பக்கத்தில் நாய்கள் இருந்தன. இருவரும் அவற்றையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு அவன் நிறையப் பேசினான். போன பகுதிகளில் அவன் மனதுக்குள் நடந்ததாக நான் எழுதியதெல்லாம் அன்றைக்கும் அடுத்த சில நாட்களிலும் கேட்டதுதான். கடைசியில், எழுதுகிறேனாமே என்று கேட்டான். பாக்கெட் நோட்டில் கிறுக்குவதை வேம்புலியம்மாள் பார்த்துவிட்டாளாம்.

எழுதட்டுமா என்று கேட்டேன். தட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அவனைக் கெஞ்சுகிற நிலையில்தான் இருந்தேன்.

யோசித்தான். “எய்து சார். பேர மாத்திக்கோ. ஆனா கடைசில எதையும் மூடற மாரி எய்தாத.”

8

போன வாரம் அவன் தட்டோடு சாலையைக் கடந்தபோது முகமே வேறு மாதிரி இருந்தது. கம்பெனியில் புது மெஷின் வருகிறதாம். அதை ஓட்டப் பழகிவர இரண்டு நாள், வியாழனும் வெள்ளியும், அவனை ஓசூருக்கு அனுப்புகிறார்களாம். ஓசூர் என்றதும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. என் மூன்றாம் வரைவை அவன் படித்திருக்க வாய்ப்பில்லை.

“மூடப்போற கம்பெனி ட்ரெயினிங்குக்கு அனுப்புமா சார்?” என்றான். அதை எத்தனை பேரிடம் கேட்டிருப்பானோ. சிரித்துக்கொண்டே கேட்டான். கண் சிரிக்கவில்லை.

பம்ப் கம்பெனியை மூடுவதற்கு முந்தின மாதம், இரண்டு பேரைக் கோயம்புத்தூருக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். அவர்களுக்கு ஷூவும் கண்ணாடியும் ஜன்னல் வழியாக எடுத்துக் கொடுத்தவன் நான். அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

“அனுப்ப மாட்டாங்கப்பா” என்றேன்.

அவன் தலையாட்டினான். பிறகு விஷயத்துக்கு வந்தான். இரண்டு நாள் போணிக்கு ஆள் வேண்டும். வேம்புலியம்மாள் பொறுப்பை அவனிடமே விட்டுவிட்டாள். நல்ல கையாகப் பார்த்து அனுப்ப வேண்டும்.

“நீ வேணாம் சார், தப்பா நெனைக்காத. எய்தற ஆளு, உனுக்கு நாலு பேரத் தெரிஞ்சிருக்கும். யார்னா ஒருத்தர அனுப்பு.”

இந்தக் கதை பசியில் பிறந்தது என்று தொடக்கத்தில் சொன்னேன். அது பாதி உண்மை. எழுதி முடிக்க வேண்டிய அவசரம் வந்தது இதனால்தான். எனக்கு நாலு பேரைத் தெரியாது. படிக்கிறவர் என்று யாரோ ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கை மட்டும்தான் உண்டு. அதாவது நீங்கள்.

எந்த வியாழன் என்று கேட்காதீர்கள். இது உங்கள் கைக்கு வரும்போது எந்த வாரமோ. போணிக்கு ஆள் வேண்டிய காலை எந்த வாரமும் வரும். ஜெகதீசன் ஓசூரிலிருந்து திரும்பினானா, புது மெஷின் வந்ததா, அந்தக் கம்பெனி நிலைத்ததா என்பதை நான் எழுதப் போவதில்லை. என் கை எப்படிப்பட்ட கை என்று ஏழாம் பகுதியில் பார்த்தீர்கள். நான் எதை முடித்துவைத்தாலும் அது மூடிக்கொள்கிறது. இந்தக் கதையை நான் முடிக்காமல் இருப்பது அவனுக்குக் கொடுத்த வாக்கு. இதை அச்சிடுகிற நல்லவருக்கும் அதுதான் பாதுகாப்பு.

இடத்தைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பாடியோ கொரட்டூரோ நெமிலிச்சேரியோ, காலை ஆறே முக்காலுக்கு நடந்து பாருங்கள். சாப்பாடு தயாராக இருந்தும், பத்துப் பன்னிரண்டு பேர் தட்டில்லாமல், சாலையைப் பார்த்தபடி நிற்கிற தள்ளுவண்டி எதுவோ அதுதான். போனைப் பைக்குள் வைத்துவிடுங்கள். நோட்டாக, வலது கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் கைக்கு இதுவரை யார் என்ன பேர் வைத்திருந்தாலும் பரவாயில்லை, அங்கே யாருக்கும் தெரியாது.

கூட்டம் உங்களுக்கு வழிவிடும். வேம்புலியம்மாள் உங்களை மேலும் கீழும் பார்ப்பாள். பானையின் மூடியில் கைவைத்துக்கொண்டு, “இன்னா குடுக்கட்டும்?” என்பாள்.

நான் எதிர்ப்பக்கம், டிரான்ஸ்பார்மர் அருகில் நின்றுகொண்டிருப்பேன். ‘இல்லை’ என்ற சொல் மட்டும் வந்துவிடாமல் ஏதாவது சொல்லுங்கள். கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது, எனக்குப் பசிக்கிறது.